வெப்பக் கவச ஓடு: முதல் சூட்டைத் தாங்கினால் போதுமா?

செக்காலை மெக் (காரைக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். நண்பர்களோட சேர்ந்து எடுத்திருக்கிற ப்ராஜெக்ட் இது: விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சூட்டைத் தடுக்கிற பீங்கான் இழை ஓட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியுமான்னு சோதிக்கணும். நிஜமான சிலிக்கா ஓடு எங்க கைக்குக் கிடைக்காது. அதனால உலைக்குள்ள பதிக்கிற 1260 கிரேடு செராமிக் ஃபைபர் போர்டு வாங்கி, மேல கறுப்புக் கண்ணாடிப் பூச்சு கொடுத்துச் சோதிக்கலாம்னு திட்டம்.

காலேஜ்ல இருக்கிற மஃபிள் ஃபர்னஸ்ல, அதாவது மூடின உலையில, 1000 டிகிரிக்கு ஏத்தி, கொஞ்ச நேரம் வச்சு எடுக்கணும். உடையலைன்னா பாஸ். இதுவே போதும்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. இந்தக் குழுவுல உலை, சூளை தெரிஞ்சவங்க இருக்கீங்க. என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க.

உலைக்கூடம் (தேவகோட்டை)

தம்பி, உன் மனசு ஒப்பாததுல நியாயம் இருக்கு. உலைக்கு உள்பூச்சுப் பதிக்கிற வேலையிலேயே என் காலம் போச்சு, அதை வச்சுச் சொல்றேன்.

மஃபிள் ஃபர்னஸ்ல வச்சா ஆறு பக்கமும் ஒரே சூடு. விண்கலத்துல அப்படிக் கிடையாது. மேல் முகம் தணலாச் சிவந்து நிக்கும், அடியில இருக்கிற அலுமினியம் 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவோட ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்துக்கு வச்சிருந்த வரம்பு அது. மேலுக்கும் அடிக்கும் ஆயிரம் டிகிரி வித்தியாசத்தைக் காப்பாத்துறதுதான் ஓட்டோட வேலையே. ஃபர்னஸ் சோதனையில அந்த வேலையை நீ பாக்கவே மாட்ட. கேஸ் டார்ச்சுத் தீயை மேல் முகத்துல மட்டும் காட்டித்தான் பாக்கணும்.

அடுத்தது இந்த "உடையலைன்னா பாஸ்". உடையாம வெளிய வந்த ஓடு, உள்ள போன அதே ஓடு இல்லை. எடை மாறியிருக்கும், சுருங்கியிருக்கும், பூச்சுல கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். மறுபடி பயன்படுத்தலாமான்னு கேக்குறப்போ, அந்த மாற்றம் ஒவ்வொரு சூட்டுக்கும் எவ்வளவு கூடுதுன்னு அளக்கிறதுதான் சோதனை. முதல் சூட்டைத் தாங்குற சாமான் நிறைய இருக்கு. அடுத்தடுத்த சூட்டுலயும் அதே அளவுக்குத் தடுக்குதாங்கிறதுதான் கேள்வி.

போர்டைப் பத்தி ரெண்டு விஷயம். 1260ங்கிறது அந்தச் சூட்டுல 24 மணி நேரம் வச்சு, எவ்வளவு சுருங்குதுன்னு பாத்துக் கொடுக்கிற எண். நாள் முழுக்க 1260ல ஓட்டலாம்னு அர்த்தம் இல்லை. இன்னொண்ணு, புது போர்டுல இழையைப் பிடிச்சு வைக்க ஒரு பசை கலந்திருப்பாங்க. முதல் தடவை சூடேறும்போது அது கருகிப் புகையும், எடை குறையும், போர்டு கொஞ்சம் மெத்துனு ஆயிடும். அதனால முதல்ல ஒரு தடவை வெறுமனே சுட்டுப் பசையை எரிச்சுட்டு, அப்புறம்தான் தராசுல வைக்கணும். இல்லைன்னா பசை போன கணக்கும் ஓடு தேஞ்ச கணக்கும் ஒண்ணாக் கலந்துரும்.

பள்ளத்தூர் சிங்கை (சிங்கப்பூர்)

அடிப்படையா ஒரு சந்தேகம். எதுக்கு இந்த மறுபயன்பாட்டுப் பிடிவாதம்? அப்போலோ எரிஞ்சு கரையிற கவசத்தோடதான் நிலாவுல இருந்து திரும்புச்சு. நம்ம ககன்யான் கலத்துக்கும் அதே மாதிரிக் கவசம்தான். ஒரு தடவை எரியட்டும், அடுத்த பயணத்துக்குப் புதுசு போடலாமே. பொடியாகுற ஓட்டைக் கட்டிக்கிட்டு அழணுமா?

விண்மீனாள் (கானாடுகாத்தான்)

எங்கிருந்து திரும்புகிறது, எதற்காகத் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது அண்ணே. நிலாவிலிருந்து வருவது நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகம். அந்தச் சூட்டுக்குச் சிலிக்கா ஓடு ஆகாது, எரிந்து கரையும் கவசம்தான் சரி. பூமியைச் சுற்றிவிட்டு இறங்குவது நொடிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இறக்கை வைத்து, ஓடுபாதையில் இறங்கி, மறுபடி ஏவ வேண்டிய வாகனம் என்றால் மேல்தோல் கரைந்துகொண்டே போகக் கூடாது. உருவம் மாறினால் பறக்கும் விதமே மாறிவிடும்.

நம் நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரி 10 அன்று பிஎஸ்எல்வி-சி7 ஏற்றிச் சென்ற எஸ்ஆர்இ-1 கலம், ஜனவரி 22 அன்று வங்கக் கடலில் இறங்கியது. சுமார் 550 கிலோ. மூக்கில் எரிந்து கரையும் கவசம், பக்கவாட்டுக் கூம்பில் சிலிக்கா ஓடு. சுற்றுப்பாதையிலிருந்து வந்த ஓட்டை நம்மவர்கள் கையிலெடுத்துப் பார்க்க முடிந்தது அப்போதுதான். 2016 மே 23 அன்று பறந்த ஆர்எல்வி-டிடி சிறகுக் கலத்தின் அடிப்பகுதியிலும் ஓடு பதித்திருந்தார்கள். அது 65 கிலோமீட்டர் உயரம் போய், ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பியது. ஆனால் கடலில் இறங்கியதை மீட்கவில்லை. 2023, 2024இல் சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவித்து ஓடுபாதையில் இறக்கிய சோதனைகள் அருமையானவை. ஆனால் அவை இறங்கும் திறனைச் சோதித்தவை, அங்கே சூடு கிடையாது.

ஆக, ஒரே ஓடு இரண்டு முறை அந்த நெருப்பைப் பார்ப்பது நமக்கு இன்னும் நடக்காத காரியம். தம்பி எடுத்திருக்கும் தலைப்பு சின்னது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆத்தங்குடி பட்டறை (ஆத்தங்குடி)

ஓடுன்னதும் உள்ள வந்தேன். எங்க கல்லைச் சோதிச்சுப் பாக்க வேணும்னா துண்டு தர்றேன் தம்பி. ஊர் பேரும் வரும்.

உலைக்கூடம்

உங்க மனசுக்கு நன்றி. ஆனா டார்ச்சுக்கு முன்னாடி அதை வைக்க வேணாம்னு தம்பிக்குக் கண்டிப்பாச் சொல்லுவேன். ஆத்தங்குடிக் கல்லு சூளையையே பாக்காத கல்லு. கண்ணாடி மேல வண்ணம் ஊத்தி, சிமெண்டு மணல் போட்டு, தண்ணியில ஊறவச்சு, வெயில்ல காய வைக்கிறது. சிமெண்டு இறுகுறதே தண்ணியைத் தனக்குள்ள கட்டிக்கிட்டுத்தான். 400, 500 டிகிரியில அந்தத் தண்ணி கழண்டு வெளிய வரும், கல்லு வலு இழந்துரும். வேகமாச் சூடேத்தினா ஆவி உள்ள அடைபட்டுத் தெறிக்கவும் செய்யும். கண்ணு போயிரும். தரைக்குக் குளுமையாக் கிடக்கிற கல்லு, அதுக்கு அந்தப் பெருமை போதும்.

சூளைவீடு (மானாமதுரை போற வழி)

ஆவின்னு சொன்னீங்க பாருங்க, அதையே நானும் சொல்ல வந்தேன். எங்க வீட்டுல மண் குதிரை சுடுறோம். உடம்பு உள்ளீடு இல்லாம, ஓட்டை விட்டுத்தான் வனைவோம். ஈரம் போக வழி இல்லைன்னா சூளையில வெடிச்சுரும். மழை மாசத்துல காஞ்ச சரக்குன்னு நம்பி ஏத்தி, வெடிச்ச சத்தம் கேட்டவங்க நாங்க.

தம்பி, உங்க ஓடு இழைக் கட்டிதானே? ஈரத்தை உறிஞ்சுமே. மேல கண்ணாடிப் பூச்சு வேற போட்டு மூடுறீங்க. உள்ள போன தண்ணி எப்படி வெளிய வரும்?

விண்மீனாள்

அக்கா கேட்டதுதான் ஷட்டில்காரர்களையும் பாடாய்ப் படுத்தியது. எல்ஐ-900 என்ற அந்த ஓடு 99.8 சதவீதம் தூய சிலிக்கா இழை. ஒரு கன மீட்டருக்கு 144 கிலோதான் எடை, மற்றதெல்லாம் காற்று. 15 சென்டிமீட்டர் சதுரமும் 5 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள துண்டு 160 கிராம் சொச்சம்தான் வரும். கையில் வைத்தால் தெர்மோகோல் கட்டி மாதிரி இருக்கும். அந்தக் காற்று இருக்கும் இடமெல்லாம் தண்ணீர் போய் உட்காரலாம்.

1982 ஜூனில் நான்காவது பயணத்துக்கு முன் ஏவுதளத்திலேயே ஆலங்கட்டி மழையில் கொலம்பியா என்ற ஷட்டில் நனைந்தது. மேலே போன பிறகு அடிவயிற்றைச் சூரியனுக்குக் காட்டி ஈரத்தை ஆவியாக்கினார்கள். நீர் ஒட்டாமலிருக்க ஒரு சிலேன் மருந்தை ஓட்டுக்குள் ஊசியால் செலுத்துவார்கள். திரும்பி வரும் சூட்டில் அது எரிந்துபோய்விடும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான ஓடுகளுக்கும் மறுபடி ஊசி. ஓடு நன்றாகவே இருந்தது, ஆனால் அதை அடுத்த பயணத்துக்குத் தயார் செய்ய இவ்வளவு கைவேலை வேண்டியிருந்தது. சோதனையில் இந்தக் கணக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து.

கறுப்புப் பூச்சை மேலேயும் பக்கங்களிலும் மட்டும் பூசி, அடியை விட்டுவிடுவார்கள். பக்கத்திலும் அடிவரை வராது. உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் போக அதுதான் வழி. தம்பி, ஆறு பக்கமும் பூசிவிடாதீர்கள்.

செக்காலை மெக்

அக்கா ரெண்டு பேருக்கும் நன்றி. அடியை விட்டுட்டுத்தான் பூசப்போறோம். இப்போ ஒரு கேள்வி. பூச்சுக்கும் ஊறவைக்கிற சோதனைக்கும் எங்க ஊர்த் தண்ணியைப் பயன்படுத்தலாமா?

உலைக்கூடம்

கூடவே கூடாது. நம்ம பக்கத்து போர் தண்ணியில உப்பு. சிலிக்காவுக்குச் சோடியம் ஆகாத சாமான்.

ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படி. உருக்கி இழுத்த சிலிக்கா இழை கண்ணாடி நிலையில இருக்கு. சூட்டுல விரியிறதும் குளிர்ல சுருங்குறதும் அதுக்கு ரொம்பக் கம்மி, டிகிரிக்குப் பத்து லட்சத்துல அரைப் பங்குதான். அதனாலதான் சிவக்கச் சிவக்க எடுத்துக் குளிர்ல வச்சாலும் விரிசல் விடாது. ஆனா ஆயிரம் டிகிரிக்கு மேல ரொம்ப நேரம் இருந்தா, அந்தக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமா கிறிஸ்டோபலைட்டுங்கிற படிகமா மாறும். சோடியம் இருந்தா இந்த மாற்றம் வேகமா நடக்கும். இந்தப் படிகம் ஆறும்போது 200 சொச்சம் டிகிரியில திடுதிப்புனு சுருங்கும். சூட்டுல ஒண்ணும் ஆகாது, ஆறுறப்போதான் விரிசல் விடும். ஒவ்வொரு தடவை ஆறும்போதும் கொஞ்சம்.

முதல் சூட்டுல இது தெரியவே தெரியாது. அதனாலதான் அத்தனை சுத்தமான சிலிக்காவைத் தேடினாங்க. ஷட்டில் நின்ன இடமோ கடற்கரை, உப்புக் காத்து வேற.

உன் போர்டு அலுமினோ சிலிக்கேட், தூய சிலிக்கா இல்லை. அதுலயும் நீண்ட சூட்டுல முல்லைட்டுங்கிற இன்னொரு படிகம், கிறிஸ்டோபலைட் ரெண்டும் வரும். விரிவும் சிலிக்காவை விடப் பல மடங்கு. ரிப்போர்ட்டுல "விண்கல ஓட்டைச் சோதித்தோம்"னு எழுதாதே. "இழை ஓட்டைச் சோதிக்கும் முறையைச் சோதித்தோம்"னு எழுது. அதுவே கௌரவமான வேலை.

தண்ணிக்கு பேட்டரிக் கடையில விக்கிற டிஸ்டில்டு வாட்டர் போதும். படிகம் வந்திருக்கான்னு பாக்க எக்ஸ்ஆர்டி வேணும், எக்ஸ் கதிரை வச்சுப் படிகத்தை அடையாளம் காட்டுற கருவி. மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி பக்கத்துலயே இருக்கு, அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கு. காலேஜ் மூலமா முறைப்படி கடிதம் கொடுத்துக் கேளு.

சூளைவீடு

அதான் சூளையைத் திறக்க அவசரப்படக் கூடாதுன்னு எங்க அப்பத்தா சொல்லும். ஏத்துறதை விட ஆத்துறதுதான் வேலை.

பூச்சைப் பத்தி ஒண்ணு. மெருகுப் பீங்கான் வேலையும் கொஞ்சம் கத்துக்கிட்டேன். மேல்பூச்சு உடம்பை விட அதிகமாச் சுருங்குனா, ஆறும்போது பூச்சு இழுபட்டு வலை வலையாக் கீறும். கண்ணுக்குத் தெரியலைன்னா பேனா மையைத் தடவித் துடைச்சுப் பாருங்க, கோடு கோடா நிக்கும். பரிசோதனைக்கு உங்க நல்ல துண்டைக் கெடுக்காம, கூடப் பூசின தனித் துண்டுல மை போடுங்க.

பள்ளத்தூர் சிங்கை

இப்போ எனக்கே ஆர்வம் வந்துருச்சு. ஃபர்னஸ் வேணாம்னா டார்ச்சு வச்சா அது விண்வெளிச் சூடு ஆகிடுமா? வெறும் கேஸ் அடுப்புத் தீதானே அது?

உலைக்கூடம்

ஆகாது. நிஜச் சோதனைக்கு மின்வில்லால காத்தைப் பிளாஸ்மா ஆக்கி, ஓட்டு மேல பாய்ச்சுவாங்க. நாசாவோட ஏம்ஸ் மையத்துல பல வருஷமா இருக்கு, திருவனந்தபுரத்துல இஸ்ரோவோட விஎஸ்எஸ்சி மையத்துலயும் பிளாஸ்மா காற்றுச் சுரங்கம் இருக்கு. டார்ச்சுத் தீயில வேதியியலும் வேற, அழுத்தமும் வேற. கலம் அதிகமாச் சூடாகுற உயரத்துல காத்து ரொம்ப மெலிசு. இழைகளுக்கு நடுவுல இருக்கிற காத்து கடத்துற சூடும் அங்க குறைஞ்சிரும். தரையில சோதிச்சா அடி முகம் நிஜத்தை விட அதிகமாச் சூடாகும்னு எதிர்பாக்கலாம்.

ஆனாலும் டார்ச்சு உபயோகப்படும், ஒரு நிபந்தனையோட: எவ்வளவு சூட்டைப் பாய்ச்சுறோம்னு அளந்திருக்கணும். "டார்ச்சு வச்சோம், தாங்குச்சு"ங்கிறது சோதனை ஆகாது.

அளக்கிறது எளிது. 10 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு தாமிர வில்லை. பின்பக்கம் சூட்டை அளக்கிற கே டைப் தெர்மோகப்பிள் கம்பி. சுத்தியும் அதே ஃபைபர் போர்டால மூடி, முன் முகம் மட்டும் தெரியணும். ஓடு இருக்கப்போற அதே தூரத்துல வச்சுச் சில நொடி தீயைக் காட்டு. தாமிரத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 8960 கிலோ, ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏத்த 385 ஜூல், தடிமன் 0.01 மீட்டர். மூணையும் பெருக்கினா ஏறக்குறைய 34,500. நொடிக்கு 8 டிகிரி ஏறுச்சுன்னா, சதுர மீட்டருக்கு 2 லட்சத்து 76 ஆயிரம் வாட், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 27, 28 வாட்.

இந்த எண்ணை ஏன் எடுத்தேன்னா, ஷட்டிலோட கறுப்பு ஓடு தாங்குன 1260 டிகிரியில, அந்தக் கறுப்பு முகம் திருப்பி வீசுற சூடும் சதுர சென்டிமீட்டருக்கு 27 வாட் பக்கம்தான் வருது. சூட்டைத் திருப்பி வீசுற திறன், முழுக் கறுப்புக்கு 1ன்னா இதுக்கு 0.85ன்னு வச்சுப் போட்ட கணக்கு. வாங்குற சூட்டுல பெரும்பங்கை அப்படியே திருப்பி வீசிடுது, மிச்சம்தான் உள்ள இறங்குது. பூச்சு வெளுத்தாலோ உரிஞ்சாலோ வீசுறது குறையும், முகம் இன்னும் சூடேறும். அதனால ஒவ்வொரு சூட்டுக்கு அப்புறமும் பூச்சோட நிறத்தை ஒரே வெளிச்சத்துல படம் எடுத்து வை. ஒண்ணு கவனம்: தாமிரம் குளிர்ந்த முகம், ஓடு சிவந்த முகம். தீயில இருந்து ரெண்டும் வாங்குறது ஒரே அளவு இல்லை, ஓடு குறைவா வாங்கும். அதை ரிப்போர்ட்டுல சொல்லிரு.

செக்காலை மெக்

அண்ணே, நீங்க சொன்னபடி செஞ்சோம். பசையை எரிச்சு, எடை போட்டு, அடியில ஃபெல்ட்டுங்கிற அழுத்தின இழைத் துணி, அதுக்குக் கீழ அலுமினியத் தகடு, ஆர்டிவி சிலிகான் பசையால ஒட்டினோம். தாமிர வில்லையால சூட்டையும் அளந்துட்டோம்.

நாங்க எதிர்பார்க்காத ஒண்ணு நடந்துச்சு. டார்ச்சை அணைச்சப்போ தகடு கிட்டத்தட்ட அறைச் சூட்டுலதான் இருந்துச்சு. எல்லாரும் கைதட்டிட்டோம். சூட்டைப் பதிவு பண்ற லாகரை மட்டும் நிறுத்தாம விட்டிருந்தோம். மேல் முகம் கறுத்து ஆறிக்கிட்டே வருது, தகடு ஏறிக்கிட்டே போகுது. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உச்சத்துக்குப் போய் இறங்குச்சு. அடுத்தடுத்த சூட்டுல அந்த உச்சம் கொஞ்சம் கொஞ்சமா உயருது. ஓட்டுல கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியலை. மை தடவின துண்டுல மட்டும் ஓரத்துல இருந்து கோடு கிளம்பியிருக்கு.

உலைக்கூடம்

அந்த உச்சம்தான் உன் ப்ராஜெக்டோட உயிர். ஓட்டுக்குள்ள தேங்கின சூடு மெதுவா கீழ இறங்கும். தீ அணைஞ்சதும் லாகரையும் நிறுத்தியிருந்தா எல்லா ஓடும் பாஸ் ஆகியிருக்கும். ஷட்டில் ஓடுபாதையில நின்ன பிறகும் குளிர்காத்துக் குழாயை மாட்டுனாங்களே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சம் ஏன் உயருதுன்னு கண்டுபிடிக்க மூணு இடம் பாரு: போர்டு சுருங்கித் தடிமன் குறைஞ்சதா, பூச்சு வெளுத்ததா, பக்கத்து இடுக்கு வழியா தீ இறங்குதா. வெர்னியரை எடு.

விண்மீனாள்

இடுக்கு என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஓடுகளை விட அவற்றைச் சுற்றியுள்ளதுதான் அதிகம் தொல்லை கொடுத்திருக்கிறது. 1979இல் கொலம்பியாவை கலிஃபோர்னியாவிலிருந்து புளோரிடாவுக்குக் கொண்டுவந்தபோது ஏராளமான ஓடுகள் இல்லாமலேயே வந்து சேர்ந்தது. ஓடு தாங்கும், ஃபெல்ட்டும் தாங்கும். ஆனால் ஃபெல்ட்டின் தையல் புள்ளிகளில் இழுவிசை குவிந்து, ஓட்டின் அடி பிய்த்துக்கொள்கிறது என்று பிறகு கண்டார்கள். அடி முகத்தில் சிலிக்காக் கூழைத் தடவி இறுக்கினார்கள். வெற்றிடக் கிண்ணம் வைத்து ஓட்டை இழுத்துப் பார்த்துச் சோதித்தார்கள். 2005 ஆகஸ்டில், ஓடுகளுக்கு நடுவே இடுக்கில் செருகும் நிரப்பி வெளியே துருத்திக்கொண்டிருந்தபோது, அதை ஸ்டீபன் ராபின்சன் விண்வெளியில் நடந்துபோய்க் கையால் உருவி எடுத்தார். 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் கலம் நான்காம் முறை பறந்தபோது, அதன் அசையும் மடலின் கீல் பக்கம் தீ புகுந்து உலோகம் உருகியதை நேரலையில் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பயணத்தில் சில இடங்களில் வேண்டுமென்றே ஓடுகளை எடுத்துவிட்டு அளந்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

கல்பனா சாவ்லா போன 2003 விபத்தை ஓட்டின் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. உடைந்தது சிலிக்கா ஓடு அல்ல. இறக்கையின் முன்விளிம்பில் இருந்த கார்பன் பலகை, ஏவும்போது கழன்று விழுந்த நுரைத் துண்டு அடித்து உடைந்தது. அதையும் ரிப்போர்ட்டில் சரியாக எழுதுங்கள் தம்பி.

செக்காலை மெக்

எழுதுறேன் அக்கா. வெர்னியர் வச்சுப் பாத்தோம். நடுவுல தடிமன் குறையலை, நாலு ஓரமும் சுருங்கி இடுக்கு அகலமாயிருக்கு. தகட்டுலயும் ஓரத்துக்கு நேர் கீழ இருக்கிற தெர்மோகப்பிள்தான் முதல்ல ஏறுது.

சூளைவீடு

அப்போ ஒத்தை ஓட்டை வச்சுச் சோதிச்சுப் பிரயோசனம் இல்லை தம்பி. நாலு ஓட்டைச் சேத்துப் பதிச்சு, நடு மூலையில தீயைக் காட்டுங்க.

உலைக்கூடம்

அதையே செய். நாலு ஓடு, நடுவுல நிரப்பி வச்சு ஒரு தகடு, வைக்காம ஒரு தகடு. ரெண்டுலயும் டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சுக் காய வச்ச ஓடு ஒண்ணு கலந்து பதி. ஈரம் முழுசாப் போச்சான்னு தராசுல பாத்துட்டு டார்ச்சைக் கொண்டு போ, முகத்துக்கு ஷீல்டு போட்டுக்கோ.

இன்னொண்ணு, சுட்டு முடிச்ச போர்டை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எல்லாரும் மாஸ்க் போடணும், துணி மாஸ்க் இல்லை, என்95. சுட்ட இழையில கிறிஸ்டோபலைட் இருக்கும், நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது. தூசியைத் துடைப்பத்தால கூட்டாதீங்க. ஈரத் துணியால துடைச்சு, பையில கட்டிப் போடுங்க. ரீடிங் வந்ததும் ஏறுற வளைவை இங்க போடு, சேர்ந்து பாப்போம்.